ஆளில்லாமல் கிடந்த வீடு

மகன்,

உன் கலியாணப் படங்கள் நேற்றுத்தான் வந்து சேர்ந்தன. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கதிரையில் சாய்ந்திருந்து, "இதில நான் நல்லா இருக்கிறன், இதில நீர் நல்லா இருக்கிறீர்" என்று எங்கள் இரண்டு பேருக்கும் மட்டும் புள்ளி போட்டார். மாப்பிள்ளை பொம்பிளை என்று இரண்டு பேர் அந்தப் படங்களில் இருப்பதே அவருக்குத் தெரியவில்லை. பிரீத்தி எல்லாப் படத்திலும் வடிவு. நீயும் குறையில்லை, தலைமயிரை அவ்வளவு கட்டையாக வெட்டாமல் விட்டிருக்கலாம். ஒரு படத்தை மட்டும் நான் எடுத்துத் தனியே வைத்துவிட்டேன். ஹன்டர்ஸ் ஹில்லில் அந்தப் பழைய கல்வீட்டின் முற்றத்தில் எடுத்தது. எல்லோரும் கமெராவைப் பார்க்கிறோம். நீ மட்டும் வாசலோரம் நட்டிருக்கிற பலகையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாய். உன் முகத்தில் கலியாணக் களை இல்லை.

அந்த முகத்துக்குக் காரணம் நான்தான் என்று எனக்குத் தெரியும். அங்கே படம் எடுக்க ஒழுங்கு செய்தவர்கள் பிரீத்தி வீட்டார். அந்த வீடு இப்போது கலியாணப் படங்களுக்குப் பேர்போனது, அவர்கள் குவேக்கர்ஸ் ஹில்லில் இருந்து அவ்வளவு தூரம் வந்தது அதற்காகத்தான். நீ காரில் வரும்போதே உற்சாகம் தாங்காமல், "சின்னனில நான் இந்த வீட்டிலதான் இருந்தனான்" என்று உன் மாமனாரிடம் சொல்லிவிட்டாய். அவர் எஞ்சினியர். எழுதி ஒட்டிய எதையும் வாசிக்காமல் தாண்டிப் போகமாட்டார். பலகையில் இருந்த வீட்டுச் சரித்திரத்தை உரத்து வாசித்தார். எண்ணெய் வியாபாரி கட்டியது, பிறகு ஒரு டொக்டர், பிறகு வாடகை அறைகள், பிறகு கன்னியாஸ்திரிகள் நடத்திய முதியோர் இல்லம், அது மூடப்பட்ட பின் திருத்த வேலை தொடங்கும்வரை வீடு ஆளில்லாமல் கிடந்தது. "என்ன மாப்ள, ஆளே இல்லைன்னு போட்டிருக்கு? நீங்க இங்க இருந்தேன்னு சொன்னீங்களே!" என்று அவர் கேட்டது கேலிக்குத்தான். எல்லோரும் சிரித்தார்கள். நீ என்னைப் பார்த்தாய். நான் பிரீத்தியின் சேலைக் கரையைச் சரிசெய்வது போலக் குனிந்துகொண்டேன். அப்பா தூரத்தில் போன ஃபெரியைப் பார்த்துக்கொண்டு நின்றார். கலியாண நாளில், கட்டிய மனைவியின் சனங்களுக்கு முன்னால், உன்னைப் பொய்க்காரனாக நிற்க விட்டுவிட்டோம்.

நீ எங்களிடம் ஒன்றும் கேட்கவில்லை. மெல்பேர்ன் போய் வெரிபீயில் புது வீட்டுச் சாவி வாங்கினாய், படம் அனுப்பினாய். ரெலிபோன் எடுத்தால், "ஓகே அம்மா, ட்ரெயினில நிக்கிறன், பிறகு எடுக்கிறன்" என்கிறாய். அந்தப் பிறகு வருகிறதே இல்லை. உனக்குக் கோபம் வந்தால் சத்தம் போடமாட்டாய், சுருக்கமாகக் கதைப்பாய். அது உன் அப்பாவின் பழக்கம், என்னிடமிருந்து வந்ததில்லை. எனவே எழுதுகிறேன். சனிக்கிழமைகளில் நீ அழ அழ உன்னைத் தமிழ்ப் பள்ளிக்கு இழுத்துக்கொண்டு போனதற்கு இன்றைக்காவது பலன் கிடைக்கட்டும். ஆறுதலாக இருந்து வாசி.

நீ சொன்னது உண்மை. அந்த வீட்டில் நாங்கள் மூன்று குளிர்காலம் இருந்தோம்.

அந்த வீட்டின் கதையை எனக்குச் சொன்னவர் அந்தக் கன்னியாஸ்திரிகளில் ஒருவரான சிஸ்டர் பெர்னடெற். பலகையில் இருப்பது நாலு வரி, அவர் சொன்னது நாலு மாதத்துக்குக் காணும். அந்த வீட்டுக்குக் கல் வெளியிலிருந்து வரவில்லை. வீடு நிற்கிற அதே சரிவை வெட்டித்தான் கல் எடுத்தார்கள். வெட்டிய குழியே நிலவறை ஆனது. கட்டுவித்தவர் திமிங்கில எண்ணெய் விற்றுக் காசு பார்த்தவர். தெருவால் போகிறவர்கள் வீட்டைப் பார்த்து மலைக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும் என்பது அவருடைய மனைவியின் ஆசை. இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை. அதனால்தான் அந்த வீட்டுக்குத் தெருப்பக்கம் ஒரு முகப்பு, துறைமுகப்பக்கம் இன்னொரு முகப்பு. கலியாணம் செய்தவர்கள் சண்டையை இப்படியும் முடிக்கலாம், கவனத்தில் வைத்துக்கொள். பிறகு வந்த டொக்டரின் காலத்தில் நோயாளிகள் காத்திருந்து காத்திருந்து பக்கத்துப் படி நடுவில் தேய்ந்துபோனது. வாடகைக்கு விட்ட காலத்தில் அறைக்கு அறை ஆட்கள், மேல்மாடிப் பலகைத் தளத்தில் ஆரோ சூடான ஸ்திரிக்கைப் பெட்டியை மறந்து வைத்த கரிய அடையாளம் இன்னும் உண்டு. முதியோர் இல்லமாக இருந்தபோது சுவர் நீளத்துக்குக் கைப்பிடி பூட்டினார்கள். அதைப் பிடித்துத் தொங்கியபடிதான் நீ அந்த விறாந்தை முழுக்கத் திரிந்தாய்.

நாங்கள் எப்படி அங்கே போனோம் என்பதை உனக்கு ஒழுங்காகச் சொன்னதில்லை. மன்னாரில் இருந்து கொழும்புக்கு வந்து, அங்கிருந்து இங்கே வந்து, விசா முடிவுக்காகக் காத்துக்கொண்டிருந்தோம். அப்பாவுக்கு வேலை செய்ய அனுமதி வரவில்லை. ஹோம்புஷில் ஒரு குடும்பம் தங்கள் முன்னறையைத் தந்திருந்தது. நல்ல சனங்கள், ஆனால் அவர்களுக்குப் பிள்ளை பிறக்க நாள் நெருங்கிவிட்டது. அவர்கள் எங்களைப் போகச் சொல்லவில்லை. தொட்டிலை வாங்கிவந்து, வைக்க இடமில்லாமல் நடுவில் வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் சுற்றிச் சுற்றி நடந்தார்கள். அது போகச் சொல்வதை விட மோசம். ஒரு ஞாயிறு பூசை முடிந்து கோயில் படியில் நான் அழுதுகொண்டிருந்தபோது சிஸ்டர் பெர்னடெற் வந்து பக்கத்தில் இருந்தார். நான் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் தொட்டிலைப் பற்றிச் சொன்னேன். அவர் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. "உம்மட மனுசனுக்கு யன்னல் திறக்கத் தெரியுமோ?" என்று கேட்டார். அவர் கதைத்தது ஆங்கிலம்தான். ஆனால் எனக்கு அவர் குரல் எங்கள் தமிழில்தான் நினைவிருக்கிறது, அப்படியே எழுதுகிறேன்.

முதியவர்களை வேறு இல்லங்களுக்கு மாற்றிவிட்டு, வீட்டை விற்கும்வரை பூட்டி வைக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு. மின்சார வயர்கள் பழசு, ஆளை இருக்க விட்டால் காப்புறுதி இல்லை, ஒருவரும் தங்கக் கூடாது. சாவி மட்டும் சிஸ்டரிடம். ஆனால் கல்வீட்டை அப்படிப் பூட்டி வைத்தால் அது கெட்டுப்போகும் என்று அவருக்குத் தெரியும். ஈரம் சுவரில் ஏறி, வெள்ளையாக உப்புப் பூத்து, கல் மாவு மாவாக உதிரும். "வீட்டுக்கு மூச்சு வேணும், உங்களுக்குக் கூரை வேணும். இதில ஆர் ஆருக்கு உதவி செய்யிறது எண்டு பிறகு பார்ப்பம்" என்றார். பின்பக்கத்துக் குசினியும் அதை ஒட்டிய இரண்டு வேலைக்கார அறைகளும் எங்களுக்கு. யன்னல் திறந்திருப்பதை ஆரும் கேட்டால் தான் வந்து திறந்தது என்று சிஸ்டர் சொல்லிக்கொள்வார், ஆனால் முன்னறைகளில் விளக்குப் போடக் கூடாது, தெருவுக்குத் தெரிய உடுப்புக் காயப்போடக் கூடாது. கடைசியாக ஒன்று சொன்னார். "ஆர் கேட்டாலும் இந்த வீட்டில ஒருத்தரும் இல்லை. நானும் அப்பிடித்தான் சொல்லுவன். நீங்களும் ஒருத்தருக்கும் சொல்லக் கூடாது." நாங்கள் மூவரும் சத்தியம் செய்தோம். நீயும் வலது கையை உயர்த்தினாய், ஏன் என்று தெரியாமலே.

அப்பா அந்த வேலையை எப்படிச் செய்தார் என்று உனக்கு நினைவிருக்கிறதா? காலையில் வெயில் படுகிற பக்கத்து யன்னல்களில் தொடங்கி, வெயிலோடு கூடவே வீட்டைச் சுற்றி வருவார். மாலையில் அதே வரிசையில் மூடிக்கொண்டு வருவார். மழை நாளில் எதைத் திறப்பது, தென்காற்று அடித்தால் எதைச் சாத்துவது என்று சுவரில் உள்ளங்கையை வைத்தே முடிவு செய்வார். நீ அவருக்கு முன்னால் ஓடி ஒவ்வொரு யன்னலையும் தட்டி எண்ணுவாய். தமிழில் எண்ணப் பழகியதே அந்த யன்னல்களில்தான், பதினெட்டுக்குப் பிறகு நேரே முப்பதுக்குப் போய்விடுவாய். வேலை செய்ய அனுமதி இல்லாமல் சும்மா இருந்து சுருங்கிக்கொண்டிருந்த மனுசன், அந்த யன்னல்களைத் திறக்கத் தொடங்கிய பிறகுதான் திரும்ப நிமிர்ந்து நடந்தார். அதற்காக மட்டுமே நான் அந்த வீட்டைக் கும்பிடலாம்.

இப்போது பால் கதைக்கு வருகிறேன். இதில் பிழை முழுவதும் என்னுடையது, அப்பா இன்றும் இதைச் சொல்லிக் காட்டுவார். நாங்கள் சூட்கேசைக் கொண்டுபோய் வைத்த மறுநாள், பால் காய்ச்சாமல் ஒரு வீட்டில் எப்படிக் குடியிருப்பது என்று எனக்கு ஒரே அந்தரம். "இது எங்கட வீடோ? ஒளிச்சு இருக்கிற இடத்தில பால் என்னத்துக்கு?" என்று அப்பா கேட்டார். "இருக்கிற இடம்தான் வீடு. பால் பொங்க வேணும்" என்றேன். குசினி அடுப்புக்கு காஸ் வெட்டியிருந்தது. இருந்தது ஒரு மின்சாரக் கேத்தல், அதில் எப்படிப் பால் பொங்குவது? குசினிச் சுவரில் பழைய காலத்து நெருப்பிடம் இருந்தது, முன்னால் அகலமான கல். தோட்டத்தில் சுள்ளி பொறுக்கி, மூன்று செங்கல் வைத்து, நெருப்பு மூட்டிவிட்டேன். சிஸ்டரும் பால் பொங்குவதைப் பார்க்க வந்து கதிரையில் இருந்தார். புகைபோக்கிக்குள் எத்தனை வருடத்துக் குருவிக்கூடுகளோ, யாருக்குத் தெரியும்! பாதிப் புகை உள்ளே, மீதிப் புகை வெளியே. ஆளில்லாத வீட்டுப் புகைபோக்கியில் புகை வருவதை எதிர்வீட்டுக்காரர் பார்த்தார். தீயணைக்கிற வண்டியின் சத்தம் தெருமுனையில் கேட்கிற நேரம்தான் பால் பொங்கி எழுந்து வழிந்தது. வண்டி வாசலில் நிற்கிறது, நான் குனிந்து பால் எந்தப் பக்கம் பொங்கியது என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். துறைமுகப் பக்கம் பொங்கியிருந்தது. அப்பா என் கையைப் பிடித்து இழுத்திராவிட்டால் இன்னும் பார்த்துக்கொண்டே இருந்திருப்பேன்.

சிஸ்டர் எங்கள் மூவரையும் சாமான் அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார். நீ ஒளித்துப் பிடித்து விளையாடுகிறோம் என்று நினைத்துச் சிரிக்கத் தொடங்கினாய், உன் வாயை என் கையால் பொத்தினேன். இதில் பிடிபட்டால் வீடு போய்விடும், விசாவும் போய்விடும் என்று நினைத்தேன். கதவிடுக்கால் பார்த்தேன், வண்டியில் வந்தவர் வயதான மனிதர், நல்ல தடித்த குரல். "இஞ்ச ஆர் இருக்கினம், சிஸ்டர்?" என்று கேட்டார்.

"ஒருத்தரும் இல்லை. வீடு சும்மா கிடக்குது. நான்தான் எனக்கு ஒரு தேத்தண்ணி ஊத்தினனான்."

அவர் மேசையைச் சுற்றி வந்தார். பிறகு அந்த மனிதர், "நாலு கோப்பை வைச்சிருக்கிறியள்" என்றார்.

"எனக்கு நல்ல தாகம்" என்றார் சிஸ்டர்.

அந்த மனிதர் நெருப்பில் தண்ணீர் ஊற்றினார். அடுத்த தேத்தண்ணிக்கு முதல் புகைபோக்கியைத் துப்புரவு செய்யுங்கோ என்று சொன்னார். அவ்வளவுதான், போய்விட்டார். நாங்கள் வெளியே வந்து பார்த்தபோது, மழைத்தூறலில் வாசல் படியில் கிடந்த உன் சின்னச் செருப்புகள் இரண்டும் உள்ளே, காய்ந்த இடத்தில், ஒழுங்காகச் சேர்த்து வைக்கப்பட்டிருந்தன. சிஸ்டர் அவற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு ஆறிப்போன பாலைக் கோப்பையில் ஊற்றி எங்கள் எல்லோருக்கும் தந்தார். வழிந்த பாலை நெருப்பிடத்துக் கல் குடித்துவிட்டது. நான் தேய்க்காத தேய்ப்பில்லை, சவர்க்காரம் போட்டேன், எலுமிச்சம்பழம் போட்டேன், அடையாளம் போகவில்லை. மணற்கல் குடித்ததைத் திருப்பித் தராது.

இந்த இடத்தில் போன கிழமை ட்ரெயினில் நின்றுகொண்டு நீ அவசரமாகச் சொன்ன ஒரு விசயம் நினைவுக்கு வருகிறது. பிரீத்தியோடு ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற ஒரு பெண்பிள்ளை, புருசனும் அவளுமாக இருந்த வாடகை வீட்டை உரிமையாளர் விற்றுவிட்டார், வயிற்றில் பிள்ளை வேறு, விசாவும் இன்னும் வரவில்லை, உங்கள் முன்னறையைக் கொஞ்ச மாதத்துக்குக் கொடுக்கலாமோ என்று பிரீத்தி கேட்கிறாள் என்றாய். "நாங்களே இப்பதான் வந்திருக்கிறம், அம்மா. மாமா ஆக்களும் வரப்போயினம். என்ன நினைப்பினம்?" என்று நீயே பதிலும் சொன்னாய். இப்படி வீடில்லாமல் நிற்பது ஊருக்குத் தெரிந்துவிடும் என்று அந்தப் பிள்ளைகளுக்கு வெட்கம் என்றும் சொன்னாய். நான் அன்றைக்கும் வாயைத் திறக்கவில்லை. உன் வீட்டு முடிவு உன்னுடையது என்று நினைத்தேன். இந்தக் கடிதத்தை எழுத எழுத அந்த நினைப்பு மாறிக்கொண்டு வருகிறது.

விசா வந்த நாளில் நாங்கள் வெஸ்ட்மீட்டில் ஒரு சின்ன ஃபிளற்றுக்குப் போனோம். அப்பாவுக்கு வேலை கிடைத்தது. நாங்கள் சாவியைத் திருப்பிக் கொடுத்தபோது, சுவர்களில் ஓரிடத்திலும் உப்புப் பூத்திருக்கவில்லை. கொஞ்சக் காலத்தில் வீடு கைமாறியது, பாதுகாக்க வேண்டிய பழைய கட்டடம் என்று பதிவானது, திருத்தினார்கள், பலகை நட்டார்கள். பலகை எழுதினவர்கள் வந்து விசாரித்தது சிஸ்டர் பெர்னடெற்றிடம். அவர் அப்போதும் அதையேதான் சொல்லியிருக்கிறார், ஒருத்தரும் இருக்கவில்லை என்று. மகன், உன்னைத் தலைகுனிய வைத்த அந்த வரி, எங்களைப் போர்த்தி வைத்திருந்த வரி. அன்று உன் மாமனாருக்கு நான் பதில் சொல்லியிருந்தால், கன்னியாஸ்திரி ஒருவர் தன் மேலிடத்துக்குப் பொய் சொன்னார் என்று அத்தனை பேருக்கும் முன்னால் சொன்னதாகும். சொல்லாமல் விட்டதால் நீ பொய்க்காரன் ஆனாய். இதற்கு நடுவில் நான் நித்திரை இல்லாமல் கிடந்தேன். அப்பாவோ, "வீட்டில ஆளில்லையெண்டால் யன்னலெல்லாம் பேயோ திறந்தது?" என்று பகிடி விட்டுக்கொண்டு திரிந்தார். அவருக்கும் நித்திரை இல்லை என்பது எனக்குத் தெரியும்.

கடைசியில் இருவருமாகச் சிஸ்டரைப் போய்ப் பார்த்தோம். இப்போது அவரே ரைட் என்கிற ஊரில் ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறார். தொண்ணூறைத் தாண்டிவிட்டது, காது மந்தம், நாக்கு மந்தமில்லை. அப்பா உள்ளே போனதும் போகாததுமாக அவருடைய அறை யன்னலைத் திறந்துவிட்டார், அவரும் அதை எதிர்பார்த்தவர் போலத் தலையாட்டினார். உன் கலியாண நாளில் நடந்ததை முழுக்கச் சொன்னேன். "உங்களைப் பொய்க்காரி ஆக்காமல் என்னண்டு நான் என்ர மகனை உண்மைக்காரன் ஆக்கிறது, சிஸ்டர்?" என்று கேட்டுவிட்டு அழுதேன்.

அவர் சிரித்தார். "நான் அதை அந்தக் கிழமையே கோயில் சுவாமியிட்ட பாவசங்கீர்த்தனத்தில சொல்லிப்போட்டன். சுவாமி என்ன கேட்டவர் தெரியுமோ? அந்தச் சனங்களுக்குப் போர்வை காணுமோ எண்டு கேட்டவர். அடுத்த நாள் நான் கொண்டுவந்த போர்வையெல்லாம் ஆர் தந்தது எண்டு நினைச்சனீர்?"

"அப்ப ஏன் பலகைக்காரருக்கும் ஒருத்தரும் இல்லையெண்டு சொன்னனீங்கள்? விசாவெல்லாம் வந்து எவ்வளவு காலம்!"

"நான் வாக்குக் குடுத்தனான். நீங்கள் வந்து போதும் எண்டு சொல்லும் மட்டும் அது வாக்குத்தான். எங்க, ஒருத்தரும் வந்து சொல்லேல்லையே."

யோசித்துப் பார். நாங்கள் அவருக்காக வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறோம், அவர் எங்களுக்காக வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார். இத்தனை வருடமும் நத்தாருக்கு நத்தார் கேக்கோடு போய்ப் பார்த்து வந்த நாங்கள், இந்த ஒன்றை மட்டும் கதைக்கவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "போதும், சிஸ்டர்" என்றேன். "நல்லது. எனக்கும் இனி மறக்கிற வயசு" என்றார். வரும்போது, "சின்னவனுக்குச் சொல்லுங்கோ, அவன்ர சத்தியமும் முடிஞ்சுது எண்டு" என்று சொல்லி அனுப்பினார். சொல்லிவிட்டேன். இனி நீ உன் வலது கையை இறக்கலாம்.

அதற்குப் பிறகு நான் உன் மாமனாருக்கு ரெலிபோன் எடுத்தேன். மனுசன் கதையை இரண்டு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு, "சம்பந்தி, சத்தியமா நான் சும்மா கிண்டலுக்குத்தான் கேட்டேன். மாப்ள மனசு கஷ்டப்பட்டாரா? எங்க இருக்கு அந்த அடுப்பு? நான் பாக்கணும்" என்றார். அந்தச் சனிக்கிழமையே காரை எடுத்துக்கொண்டு வந்து எங்களையும் ஏற்றிக்கொண்டு போனார். குசினிக்கு இப்போது கயிறு கட்டியிருக்கிறார்கள், எட்டி நின்றுதான் பார்க்கலாம். அங்கே பொறுப்பாக இருந்த பெண்ணிடம் விசயத்தைச் சொன்னதும் கயிற்றை அவிழ்த்துவிட்டாள். அந்த அடையாளம் எப்படி வந்தது என்று இவ்வளவு காலமும் தங்களுக்குத் தெரியாதாம். எண்ணெய் வியாபாரி வீட்டுச் சமையல்காரி எதையாவது கொட்டியிருப்பாள் என்று வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொண்டு இருந்தார்களாம். அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். உன் மாமனார் சிரிக்கவில்லை. கல்லுக்குப் பக்கத்தில் முழங்காலை மடித்து உட்கார்ந்து, மங்கிய மண்ணிறத்தில் வழிந்திருந்த அந்தத் தடத்தை விரலால் தொட்டார். "இந்தப் பக்கமா பொங்குச்சு?" என்று கேட்டார். ஓம் என்றேன். ஃபோனை எடுத்து, அதிலிருந்த திசைகாட்டியைத் திறந்து, கல்லின் மேல் வைத்துப் பார்த்தார். "கிழக்கு. நல்லாத்தான் பொங்கியிருக்கு, சம்பந்தி" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. உன்னிடம் தானே பேசுவதாகச் சொன்னார், இந்தக் கடிதம் வருவதற்குள் பேசியிருந்தால் நல்லது, இல்லாவிட்டால் நீ எடுத்துப் பேசு.

பலகையைத் திருத்தப் போகிறார்கள். எந்த வரியைப் போடுவது என்று என்னையே கேட்டார்கள், எங்கள் பெயரைப் போடவா என்றும் கேட்டார்கள். எனக்கு ஆசையில்லாமல் இல்லை. ஆனாலும், சிஸ்டர் பெர்னடெற்றின் பொறுப்பில் ஒரு குடும்பம் சில ஆண்டுகள் இங்கே குடியிருந்து யன்னல்களைத் திறந்து மூடியது என்று மட்டும் போடச் சொன்னேன். சிஸ்டரின் பெயர் பலகையில் இருக்கட்டும். நாங்கள் ஆர் என்று உனக்குத் தெரியும், உன் மாமனாருக்குத் தெரியும், அந்த நெருப்பிடத்துக் கல்லுக்கும் தெரியும். எனக்கு அது காணும். பிரீத்தி விரும்பினால் திரும்ப ஒருமுறை அங்கே போய்ப் படம் எடுங்கள். இந்த முறை நீ கமெராவைப் பார்.

எனக்கு இந்த வயதில் யாரோடும் கணக்கு இல்லை, மகன். தொட்டிலைச் சுற்றி நடந்த அந்தக் குடும்பத்தை நினைத்தாலும் நன்றிதான் வருகிறது, இடமில்லாத வீட்டில் எங்களுக்கு அவ்வளவு நாள் இடம் தந்தார்கள். போர்வை கொடுத்த சுவாமியின் முகம்கூட எனக்குத் தெரியாது. செருப்பை எடுத்து உள்ளே வைத்த அந்த மனிதரை நினைக்காமல் நான் ஒரு நாளும் செபம் சொல்லி முடித்ததில்லை. இவர்கள் ஒருவரும் எங்களுக்கு எதையும் விளம்பரமாகச் செய்யவில்லை. கண்டும் காணாதது போல இருந்தார்கள், அதனால் நாங்கள் தப்பினோம். உனக்கு நான் கொடுக்கக்கூடிய புத்திமதி இதற்கு மேல் ஒன்றும் இல்லை.

உன் வெரிபீ வீட்டுக் குசினியின் மேசைக்கல்லில் எதுவும் ஊறாதாம், துடைத்தால் போய்விடுமாம், நீ பெருமையாகச் சொன்னாய். சந்தோசம். நாங்கள் அடுத்த மாதம் வருகிறோம், அதற்கு முதல் பாலைக் காய்ச்சிவிடாதீர்கள், நான் வந்து காய்ச்சுவேன். புகை மணியை அப்பா பார்த்துக்கொள்வார், அந்த விசயத்தில் அவருக்கு என்னில் நம்பிக்கை இல்லை. எங்களுக்கு அறை ஒழுங்கு செய்து வைக்க வேண்டாம். கூடத்தில் மெத்தை போட்டுப் படுப்போம், அது எங்களுக்குப் பழக்கம். முன்னறை யன்னலை நாளைக் காலையிலேயே திறந்து நல்ல காற்று வர விட்டு, பிரீத்தியிடம் சொல்லி அந்தப் பிள்ளைகளை வரச்சொல். ஊரில் யாராவது கேட்டால், அந்த அறையில் ஒருத்தரும் இல்லை என்று சொல்லிவிடு.

அம்மா